கர்ணத்தின் மேல் ஒரு சதுரம்

"கர்ணம்னே சொல்லுங்க டீச்சரம்மா. பேர மாத்திச் சொன்னா ஆளு மாறிருமா?" என்றார் கர்ணம்.

நான் அந்தச் சொல்லை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டு, 'சாய்வான பக்கம்' என்று சொல்லியிருந்தேன். அவர் பிடித்துவிட்டார். முப்பது வருஷமாகப் பட்டாதாரர்களின் முகத்தைப் பார்த்தே யார் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர். இருபத்திரண்டு வயது கணக்கு டீச்சர் அவருக்கு எம்மாத்திரம்.

அவர் வீட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே பெஞ்சில் அவர். நடுவே ஒரு முக்காலி. அதன்மேல் பிஸ்கட் டப்பாவின் சதுரமான தகர மூடி, மூடிக்குள் நான்கு அட்டை முக்கோணங்கள். தூணோரம் பாயில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தார். தொப்பம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர், அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். திண்டுக்கல்லில் பஸ் மாறும்போது வாங்கிய நிலக்கோட்டை மல்லிகையை ஈர வாழை இலையில் பொதிந்து பக்கத்தில் வைத்திருந்தார். கூடம் முழுக்க அந்த வாசம்.

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள் மரகதம். கர்ணத்தின் மகள். ஐந்தாம் பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், என் மாணவி. இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் வராதவள்.

அத்தைக்காரி அந்தப் பூவை அவள் தலையில் வைத்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். தையில் தொப்பம்பட்டிக்கு மருமகளாகப் போய்விடுவாள். தடுக்க எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. ஆனால் மரகதம் திங்கட்கிழமை என் வகுப்புக்கு வர வேண்டும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, மூடியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன்.

பிஸ்கட் டப்பா மூடியைக் கொண்டு கல்யாணத்தைத் தடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வழியெல்லாம் இருந்தது. கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் இது விளங்கும்.

பின் பெஞ்சின் கேள்வி

போன வாரக் கட்டுரையை எனக்கு முதல் வேலை கிடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கர்ணத்தின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள்.

ஐம்பதுகள் முடிகிற சமயம். தினமும் திண்டுக்கல்லிலிருந்து காலை பஸ்ஸில் போவேன். போகும்போது வண்டி காலியாக ஓடும். திரும்பும்போது கத்தரிக்காய்க் கூடைகளும் கடலை மூட்டைகளுமாக, காலை மடக்கி உட்கார வேண்டியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் தங்கை மூக்கைச் சுளித்து, "சந்தைக்காரி வந்துட்டா" என்பாள்.

பள்ளியில் பெண் டீச்சர் நான் ஒருத்திதான். ஐந்தாம் பாரத்தில் பெண்கள் மூன்று பேர். அதில் மரகதம் கணக்கில் கெட்டிக்காரி. விடையைச் சொல்லிவிட்டு, அது சரியா என்று என் முகத்தைப் பார்க்காத பெண். சரி என்று அவளுக்கே தெரியும்.

அந்தக் கரும்பலகை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூசியது. பூசிய மறுநாள் பச்சை வாடை அடிக்கும், சுண்ணக்கட்டி வழுக்கும். அதில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, மூன்று பக்கத்தின் மேலும் ஒவ்வொரு சதுரம் வரைந்தேன். வரைந்து முடித்துப் புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்தேன். கர்ணத்தின் மேல் வரையப்படும் சதுரம், மற்ற இரு பக்கங்களின் மேல் வரையப்படும் சதுரங்களின் கூடுதலுக்குச் சமம்.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான். முகத்தில் கள்ளமே இல்லை, அதுதான் அவன் சாமர்த்தியம்.

"டீச்சர், அது ஏன் டீச்சர் கர்ணத்துக்கு மட்டும் ரெண்டாளு நெலம்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியாது. கர்ணம் என்றால் அப்போது கிராமத்துக் கணக்கர். நிலத்தைச் சங்கிலி பிடித்து அளப்பது, பட்டா எழுதுவது, தீர்வை போடுவது எல்லாம் அவர் கையில். அப்பனுக்குப் பின் மகன் என்று வருகிற உத்தியோகம். முக்கோணத்தின் நீளமான பக்கத்துக்கும் பாடப்புத்தகம் அதே பெயரை வைத்திருந்தது. எதிரெதிர் வரப்பில் நிற்கிற விவசாயிகளின் பிள்ளைகளுக்கு என் படம் மூன்று வயல்களாகத் தெரிந்திருக்கிறது. பெரிய வயல் யாருடையது என்று புத்தகமே சொல்லிவிட்டது.

வகுப்பு ஓட்டுக்கூரை அதிரச் சிரித்தது. எல்லாத் தலையும் பெண்கள் பெஞ்சு பக்கம் திரும்பியது. மரகதம் குனிந்த தலை நிமிராமல் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

மனுவோடு வைக்க ஒரு பக்கம்

இதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துச் சங்கதி டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வாரக் கடைசியில், கர்ணத்துக்கு ரெண்டு பங்கு என்று சர்க்காரே புஸ்தகத்தில் அச்சடித்துவிட்டதாக ஊர் பேசிக்கொண்டது.

ஒரு மத்தியான வேளை. தலையில் துண்டைச் சுற்றிய பெரியவர் ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் சுருட்டிய காகிதங்கள்.

"டீச்சரம்மா, அந்தப் பக்கத்த மட்டும் செத்தக் கிழிச்சுக் குடுங்க."

"எந்தப் பக்கம் ஐயா?"

"கர்ணம் ரெண்டு பங்கு எடுத்துக்கிருவாருன்னு போட்டுருக்காமே, அந்தப் பக்கம். கலெக்டருக்கு மனு எழுதி வச்சிருக்கேன். அத்தாட்சி கேப்பாக. அதோட வச்சு அனுப்பிருவேன்."

அது வேறு கர்ணம் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எந்த ஊருக் கர்ணமா இருந்தா என்ன டீச்சரம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் மரகதத்தின் இடம் காலியாக இருந்தபோது சிரிப்பு போய்விட்டது.

அவளோடு வருகிற பெண் சொன்னாள். வரப்பில் போகும்போது எவனோ 'ரெண்டு பங்கு' என்று கூவியிருக்கிறான், கூட வந்தவர் கர்ணம். பெற்ற மகள் எதிரில் அவருக்கு அவமானமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும், இந்தப் படிப்பு போதும் என்று சொல்லிவிட்டார். தங்கைக்கும் ஆள் அனுப்பிவிட்டார். தங்கை மகனுக்குப் பெண் கேட்டு அவர்கள் ஒரு வருஷமாகக் காத்திருந்தார்கள்.

தலைமையாசிரியரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் நடுங்குவார். "அவங்க வீட்டு விஷயம்மா. கர்ணத்தைப் பகைச்சுக்கிட்டா பள்ளிக்கூடத்து நிலத்துக்கே பட்டா சரியில்லைன்னு எழுதிருவாரு. போர்ஷனை முடிக்கிற வழியைப் பாருங்க" என்றார்.

எனக்கு அன்று வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். என் அக்கா எட்டாவதோடு நின்றவள். எனக்கு மட்டும் எப்படியோ கதவு திறந்திருந்தது, நான் நுழைந்துவிட்டேன். ஒரு சொல் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணின் படிப்பு நிற்கும் என்றால், அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியவள் சும்மா இருக்க முடியுமா?

காதும் கணக்கும்

எங்கள் தமிழ் ஐயாவிடம் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார். முக்கோணத்துக் கர்ணம் வடமொழியில் காது. கிராமத்துக் கர்ணம், கரணம் என்ற சொல்லிலிருந்து வந்தவர். "ரெண்டு பேரும் வேற வேற வீடும்மா. ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறாங்க" என்றார். முக்கோணத்துக்கு எதற்குக் காது என்று கேட்டேன். அது கணக்கு டீச்சர் பாடு என்றார்.

பின்னால் கர்ணம் என்ற உத்தியோகத்தையே சர்க்கார் எடுத்துவிட்டது. இப்போது கிராமத்தில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. பாடப்புத்தகத்து முக்கோணத்தில் மட்டும் அவர் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறார்.

பூசை நேரத்துத் தரை

அந்தத் தேற்றம் எனக்கே எப்போது புரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் அதை மனப்பாடம் செய்தேன். கல்லூரியில் மறுபடி மனப்பாடம் செய்தேன். 'தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அது உண்மையா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயிலில் சதுரக் கல் பாவிய தரை. ஒரு ஞாயிறு பிரசங்கம் நீண்டுகொண்டே போயிற்று. முழங்காலுக்கு முன்னால் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மூலைக்கு மூலை வெட்டினால் அரைக்கல். அரைக்கல் ஒரு செங்கோண முக்கோணம். அதன் சிறிய பக்கம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு முழுக்கல் இருக்கிறது. நீளப் பக்கத்தின் மேல் கண்ணாலேயே ஒரு சதுரம் போட்டுப் பார்த்தேன். அதற்குள் நான்கு அரைக்கல் அடங்கியது.

நான்கு அரை என்றால் இரண்டு முழு. இரண்டு பக்கத்துக் கல்லும் சேர்ந்து நீளப் பக்கத்துக்குள் இருந்தது. நான் வாய்விட்டு 'ஆ' என்றிருக்கிறேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். பிரசங்கத்தில் உருகிவிட்டேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆனால் இரண்டு சிறிய பக்கமும் ஒரே நீளமாக இருந்தால்தான் கல் கணக்கு ஒத்துவரும். ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக இருந்தால் கல் உடைந்து சிதறும். அதற்கு விடை பயிற்சிக் கல்லூரி விடுதியில் கிடைத்தது. பாடம் நடத்த அட்டையில் உருவங்கள் வெட்டச் சொல்லியிருந்தார்கள். வெட்டிய முக்கோணங்களைப் பிஸ்கட் டப்பா மூடிக்குள் போட்டு வைத்திருந்தோம். மூலைக்கு ஒன்றாக நான்கு, நடுவில் தகரம் ஒரு சதுரமாகப் பளபளத்தது. என் அறைத்தோழி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மூடி சாய்ந்து, முக்கோணங்கள் சறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "பிலோமினா, இங்க பாருடி, ரெண்டாயிருச்சு" என்றாள். நடுவில் இருந்த ஒரு பெரிய சதுரம் போய், மூலையில் ஒரு சதுரமும் எதிர்மூலையில் ஒரு சதுரமுமாகத் தகரம் பளபளத்தது.

அந்த மூடியைத்தான் நிரூபணம் நடத்தும் நாளில் வகுப்புக்குக் கொண்டுபோவதாக இருந்தேன். மரகதம் இல்லாத வகுப்பில் அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

புறம்போக்கு

இனி கூடத்துக்கு வருவோம்.

"சரி ஐயா, கர்ணம்னே சொல்றேன்" என்று மூடியைக் காட்டினேன். "இந்த நாலு முக்கோணமும் ஒரே அளவு. மூலைக்கு ஒண்ணா வச்சா, நடுவுல காலியா ஒரு சதுரம் இருக்கு. அதோட ஒவ்வொரு பக்கமும் கர்ணம்." பிறகு முக்கோணங்களை மெல்ல நகர்த்தி ஜோடி சேர்த்தேன். "இப்ப காலி இடம் ரெண்டு சதுரமாயிருச்சு. ஒண்ணு குட்டைப் பக்கத்துச் சதுரம், இன்னொண்ணு அடுத்த பக்கத்துச் சதுரம். அந்தப் பெருசும் இந்த ரெண்டும் ஒரே அளவு. பாடத்துல இவ்வளவுதான் இருக்கு. உங்களைப் பத்தி ஒண்ணும் இல்லை."

அவர் மூடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பாடம் புரியவில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எடம் மாத்தி வச்சா அளவு கொறையாதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"முப்பது வருசமாச் சங்கிலி பிடிக்கிறேன் டீச்சரம்மா. பங்காளிங்க எடம் மாத்திக்கிருவாய்ங்க. மாத்துறதுக்கு முன்னால ரெண்டு ஏக்கரா இருந்தது, மாத்துன பெறகு ஒண்ணே முக்காலா நிக்கும். கால் எங்க போச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும்."

சாமிக்கு மட்டுமா தெரியும் என்று அந்தப் பின் பெஞ்சுக்காரன் இருந்தால் கேட்டிருப்பான். நான் சர்வசமம் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். "காயிதத்துல எல்லாம் சர்வசமந்தான்" என்றார். என் பி.டி. ஆசிரியர் படிப்பு அத்தோடு தீர்ந்தது. தூணோரம் அத்தைக்காரி வாழை இலையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"அப்பா, பட்டா மாறலைல்ல?"

மரகதத்தின் குரல். நிலையை விட்டு வந்து, முக்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூடி விளிம்புதான் ஊரு எல்லை. எல்லைக்கல்ல யாரும் நகட்டல. உள்ள நாலு பட்டாதாரரு, நாலு பேருக்கும் ஒரே விஸ்தீரணம். மிச்சம் புறம்போக்கு." தகரத்தைத் தொட்டுக் காட்டினாள். "மொதல்ல நாலு பேரும் மூலைக்கு ஒருத்தரா இருந்தாய்ங்க. புறம்போக்கு நடுவுல ஒரே துண்டாக் கெடந்துச்சு. இப்ப ரெண்டு ரெண்டு பேராச் சேந்து உக்காந்துட்டாய்ங்க. புறம்போக்கு ரெண்டு துண்டாயிருச்சு. ஊரும் கொறையல, பட்டாவும் கூடல. பெறகு புறம்போக்கு எப்பிடிப்பா கொறையும்?"

கர்ணம் ஒரு முக்கோணத்தை விரலால் தள்ளி, பக்கத்து முக்கோணத்தின் மேல் ஓரமாக ஏற்றினார்.

"இப்ப?"

"அது ஆக்கிரமிப்புப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, மூடியைத் தன் பக்கம் இழுத்தார். முக்கோணங்களை மூலைக்கு அனுப்பினார். மறுபடி ஜோடி சேர்த்தார். மறுபடி மூலைக்கு. அவர் உதடு மட்டும் அசைந்தது. எங்களை அவர் மறந்துபோனார். தரையில் அரைக்கல்லைப் பார்த்த அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அந்த நேரம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பூ

"ஏனுங்ணா" என்றார் தங்கை. குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "பொட்டப்புள்ள அப்பனுக்குச் சரிக்குச் சரி உக்காந்து எதுத்துப் பேசுது. வெளியாளு முன்னாடி. நீங்க பாத்துட்டு இருக்கறீங்க."

கர்ணம் நிமிர்ந்தார்.

"எம்பையன் சாதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததுங்களா? நாளைக்கு அவனையும் இப்படித்தானுங்க நாலு பேரு மத்தியில கேப்பா. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. அப்பா சொன்னதுதான் சரி, நான் பேசுனது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். இப்பவே பூ வெச்சுட்டுப் போறேன். இல்லீன்னா இந்தப் பேச்சு இத்தோட போச்சுங்க."

அடுப்படியில் மரகதத்தின் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. மரகதம் அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பதினைந்து வயது. வீட்டில் ஒரு உறவு அறுந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பெண் இல்லை அவள். சொல்லிவிடப் போகிறாள் என்று அவள் வாய் திறந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லாத" என்றார் கர்ணம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அவ சொன்னது தப்பில்லம்மா. புறம்போக்கு கொறையல" என்றார் தங்கையிடம்.

"நாலு அட்டைத் துண்டுக்காகவாண்ணா?"

"நானும் தப்புன்னு சொல்லத்தான் பாத்தேன். இம்புட்டு நேரம் வேற எதுக்கு நகட்டிக்கிட்டிருந்தேன்? சொல்ல வரமாட்டேங்குது."

பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை அவர். ஊரில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி சொல்வார்கள். வரப்பில் நின்று ஒரு சாண் கூட்டியோ குறைத்தோ சொல்ல அவருக்கு வந்திருக்கிறது. அந்த மூடியை மட்டும் அவருடைய கையே நகர்த்தி அவருடைய கண்ணே பார்த்துவிட்டது. பார்த்த பிறகு அவரால் முடியவில்லை. கணக்கைப் பற்றி நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்கு என்ன பலம் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கூடத்தில்தான்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போ" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினார். தங்கையைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். தங்கை ஏற்கனவே பையைக் கையில் எடுத்திருந்தார்.

ஒரே பஸ்

திண்டுக்கல்லுக்கு அந்த வேளையில் ஒரே பஸ்தான். நானும் அதில்தான் போக வேண்டும் என்பதை நாங்கள் மூவரும் ரோட்டுக்கு நடக்கும்போதுதான் நினைத்தோம். தங்கையின் பையை அண்ணன் வாங்கிச் சுமந்து வந்தார். பஸ்ஸில் பெண்கள் உட்காரும் பக்கம் ஒரு சீட்டுதான் காலியாக இருந்தது. நானும் அந்த அம்மாளும் அதில் நெருக்கி உட்கார்ந்தோம்.

எரியோடு தாண்டும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். சோளக்காடு, கடலைக்காடு, கமலை இறைக்கிற கிணறு என்று வெளியே போய்க்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்கென்று கேட்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க டீச்சர், அந்த மூடியக் கொஞ்சம் குடுங்க" என்றார் திடீரென்று.

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். பஸ் குலுக்கலில் முக்கோணங்கள் அங்குமிங்கும் ஓடின. உள்ளங்கையால் அணைத்து, மூலைக்கு ஒன்றாக வைத்தார். பிறகு மரகதம் செய்த மாதிரியே ஜோடி சேர்த்தார். ஒரு தடவை பார்த்ததை அப்படியே செய்தார்.

"மெய்யாலுமே கொறையறதில்லீங்களா?"

"ஒழுங்கா மாத்தி வச்சா குறையாதும்மா."

அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

"எங்கப்பா எனக்கு மஞ்சக்காணியாக் கெணத்தோரமா ஒரு துண்டு விட்டுட்டுப் போனாருங்க. அண்ணன் அத எடுத்துட்டு, அதே அளவுன்னு மேட்டுக்காட்டுல மாத்திக் குடுத்தாருங்க. கண்ணாலமாகிப் போற பொண்ணு. அளக்கற கர்ணமே கூடப்பொறந்த அண்ணன். நான் என்னத்தக் கேக்கறது?"

மஞ்சக்காணி என்றால் பிறந்த வீட்டில் பெண்ணுக்கு மஞ்சள் குங்குமத்துக்கென்று கொடுக்கிற நிலம். அவர் அண்ணன் அளந்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அந்த அம்மாள் முகத்தில் கோபம் இல்லை. அண்ணனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்காமல் இருபது வருஷத்தை ஓட்டிவிட்டவர், பதினைந்து வயதுப் பெண் தரையில் உட்கார்ந்து கேட்டதை இன்று கண்ணால் பார்த்திருக்கிறார். மூடியின் விளிம்பை அவருடைய கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது.

திண்டுக்கல் மலைக்கோட்டை தூரத்தில் தெரிந்தது. பஸ்ஸில் எல்லாரும் மூட்டையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். அவர் மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எம்பையனுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேனுங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்தப் புள்ள எத்தன வருசம் படிச்சா நெலம் அளக்கலாமுங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் படிச்சா தாராளமா அளப்பாம்மா."

"அப்ப படிக்கட்டுங்க. மொதல்ல என்னோடத அளக்கட்டும்."